தன்னை வளர்த்தலும் தொழிற் சிறப்பும்

‘நான் எந்தத் தொழிலில் புகுவேன்? அதில் எவ்வாறு முன்னுக்கு வருவேன்?’ என்னும் வினா கல்வி பயிலும் இளைஞர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுவது இயல்பு. ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த காலத்தில் இவ்வினாவை நான் எண்ணற்ற மாணவரிடமிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால், அதற்கு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டிய மற்றொரு வினா உண்டு. ‘நான் விரும்பும் தொழிலுக்கு ஏற்றவனாக என்னை எவ்வாறு ஆக்கிக் கொள்வேன்?’ என்பதே அது. இதனைக் கேட்டு வந்தவர் மிகச் சிலரே.

முதல் வினாவுக்கு விடை நம் கையில் மட்டும் இல்லை. வேலை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் காலம், இடம், பிறருடைய தயவு, நாட்டின் பொருள்நிலை ஆகிய பலவற்றைப் பொறுத்தவை. இரண்டாவது வினாவுக்கு விடையோ பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. இருந்தும், நம் இளைஞர்கள் முதல் வினாவைப் பற்றிக் கவலைப்பட்டே நாள்களைக் கழிக்கின்றனர். இரண்டாவது வினாவை, வேலை கிடைத்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று ஒத்திவைக்கின்றனர். வேலையும் கிடைத்துவிட்டால், இனி என்ன வளர்ச்சி வேண்டும் என்று அதனை அடியோடு மறந்துவிடுகின்றனர். பட்டம் பெற்ற நாளோடு படிப்பு முடிந்தது, பதவி பெற்ற நாளோடு முயற்சி முடிந்தது என்று எண்ணுவோர் எத்தனை பேர்! அவர்கள் பணியில் இருப்பார்கள், ஆண்டுகள் கூடும், ஊதியமும் ஓரளவு கூடும், ஆனால், அவர்கள் செய்யும் வேலை முதலாண்டில் இருந்த நிலையிலேயே இருபதாம் ஆண்டிலும் இருக்கும்.

தன்னை வளர்த்தல் என்றால் என்ன, அது தொழிற் சிறப்புக்கு எவ்வாறு வழியாகிறது என்பதை அறவுரையாகச் சொல்வதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குதல் நலம். பெரும் பள்ளியில் பயிலாத, பொருள் வளம் இல்லாத, பட்டம் எதுவும் பெறாத நிலையில் தொடங்கி, அறிவியல் உலகின் முதல் வரிசையில் இடம் பெற்ற மைக்கேல் பாரடேயின் வாழ்க்கையையே இதற்கு எடுத்துக் கொள்கிறேன்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டன் நகரை அடுத்திருந்த நியூவிங்டன் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு கருமார். அடிக்கடி நோய்வாய்ப்பட்டமையால் நாள்தோறும் உலைக்களத்தில் நின்று உழைக்க இயலாதவர். 1801ஆம் ஆண்டில் தானிய விலை மிக ஏறியிருந்தபோது, சிறுவன் மைக்கேலுக்கு வாரத்திற்கு ஒரே ஒரு ரொட்டிதான் கிடைத்தது. ஏழு நாளையும் அதனைக் கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவலாளாகச் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடுதோறும் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி வருவது அவர் வேலை. மறு ஆண்டு, 1805இல், அதே கடையில் புத்தகங்களைப் பைண்டு செய்யும் தொழிலைக் கற்கும் பயிற்சியாளாக அமர்ந்தார். பயிற்சிக் காலம் ஏழு ஆண்டுகள்.

இந்த ஏழு ஆண்டுகளே நாம் ஊன்றி நோக்க வேண்டியவை. பாரடேயின் பெருமை அவர் ஆராய்ச்சிக்கூடத்தில் நுழைந்த பிறகு தொடங்கியதாகவே பலரும் கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் பிற்காலத்தில் கைக்கொண்ட பழக்கங்கள் பலவும் அந்தப் பைண்டுக் கடையிலேயே வேரூன்றிவிட்டன.

கடைக்கு வந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டி அட்டையிட்டுக் கொடுப்பதே அவருடைய கடமை. அவற்றைப் படிக்க வேண்டும் என்று எவரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. அவர் வேலை நேரம் முடிந்த பிறகு படித்தார். பைண்டு செய்ய வந்த கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எளிய உரையாடல் நடையில் எழுதிய வேதியியல் நூலும் கைக்குக் கிடைத்தது. படித்ததோடு அவர் அமையவில்லை. நூலில் கூறியது உண்மைதானா என்று தம் கையாலேயே செய்து பார்க்க விரும்பினார். வாரத்தில் சில காசுகளே மிச்சமாகும் நிலையிலும் பழைய புட்டிகளைக் கொண்டு சிறியதொரு மின்பொறியை அமைத்தார். செய்யக்கூடிய சோதனைகளையெல்லாம் செய்து பார்த்தார். நூலாசிரியர் கூறிவிட்டார் என்பதற்காக ஒன்றை ஏற்றுக் கொள்ளாமல் சோதித்து அறியும் பழக்கம் இவ்வாறு இளமையிலேயே படிந்தது.

அக்காலத்தில் அவர் படித்த மற்றொரு நூல் நம் பொருளோடு நேரே தொடர்புடையது. ஐசக் வாட்ஸ் என்னும் சமய அறிஞர் 1741இல் வெளியிட்ட நூல் அது. மனத்தைத் திருத்தி வளர்த்துக் கொள்ளும் வழிகளை விளக்குவது. நல்ல நூல்களைப் படித்தல், விரிவுரைகளைச் சென்று கேட்டல், கண்டதையும் கேட்டதையும் குறித்து வைத்தல், அறிவுடையவரோடு கடிதத் தொடர்பு கொள்ளுதல், நண்பர்களோடு கூடி ஆராய்தல் ஆகியவற்றை அந்நூல் வற்புறுத்துகிறது. இவ்வகை நூல்கள் எக்காலத்திலும் பல உண்டு. வாங்கிப் படிப்போரும் பலர் உண்டு. படித்து, ‘மிக நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். பாரடே அந்த நூலை ஒரு வேலைத் திட்டமாகவே கொண்டார். அது கூறியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யத் தொடங்கினார்.

1809இல், செய்தித்தாள்களிலும் நூல்களிலும் கண்ட அறிவியற் செய்திகளைத் தொகுத்து எழுதும் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். 1810 முதல், டாட்டம் என்னும் வெள்ளித் தொழிலாளர் தம் இல்லத்தில் மாலை வேளைகளில் நிகழ்த்திய அறிவியல் விரிவுரைகளுக்குச் சென்றார். ஒரு விரிவுரைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதனைக் கொடுத்தவர் கருமார் வேலை செய்து வந்த அண்ணன் இராபர்ட். கேட்டவற்றைக் குறித்து வந்து, வீட்டில் விரிவாக எழுதினார். கருவிகளின் படங்களைச் சரியாக வரைய இயலவில்லை என்று கண்டபோது, கடையின் மேல்மாடியில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரிடம் சித்திரம் வரையும் முறையைக் கற்றுக் கொண்டார். பிறகு அந்தக் குறிப்புகளையெல்லாம் தம் கையாலேயே நான்கு தொகுதிகளாகப் பைண்டு செய்து, தமக்கு ஆதரவாக இருந்த கடை முதலாளி ரீபோவுக்கே காணிக்கையாக்கினார்.

மாணவர்களே, இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். அறிவியலாளராக வேண்டும் என்று விரும்பிய அந்த இளைஞருக்குப் பைண்டு வேலை ஒரு தடையாகவே தோன்றியிருக்கக் கூடும். ஆயினும், அவ்வேலையை அவர் வெறுத்துப் பாழாக்கவில்லை. அதிலிருந்து கைத்திறன், ஒழுங்கு, துப்புரவு ஆகியவற்றைப் பெற்றார். பிற்காலத்தில் கம்பிச் சுருளைச் சுற்றிய விரல்கள், புத்தகத்தின் முதுகைத் தைத்துப் பழகிய அதே விரல்கள்தாம். நாம் விரும்பாத வேலையில் அமர்ந்திருக்கும்போதும் நம்மை வளர்த்துக் கொள்ள இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1812இல் ரீபோவின் கடைக்கு வந்து போகும் அன்பர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுக்கு நுழைவுச் சீட்டுகளைப் பாரடேக்கு அளித்தார். டேவி அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த வேதியியல் அறிஞர். பாரடே நான்கு விரிவுரைகளைக் கேட்டார், வழக்கம்போலக் குறித்தார், படங்களோடு விரித்து எழுதினார், முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அழகிய நூலாகப் பைண்டு செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் பயிற்சிக் காலம் முடிந்தது. வேறொருவரிடம் கூலிக்கு வேலை செய்யும் நிலை வந்தது. அறிவியல் நிலையம் எதிலாவது எவ்வளவு தாழ்ந்த வேலையாயினும் தருமாறு ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதியிருந்தார், விடை வரவில்லை. ஆண்டின் இறுதியில், தாம் பைண்டு செய்த குறிப்பு நூலையே டேவிக்கு அனுப்பி, வேலை வேண்டி விண்ணப்பித்தார்.

டேவி அன்போடு விடை எழுதினார். நேரில் அழைத்தும் பேசினார். ஆனால், காலியிடம் எதுவும் இல்லை என்றும், பைண்டுத் தொழிலையே விடாமல் செய்து வருவது நல்லது என்றும் அறிவுரை கூறி அனுப்பிவிட்டார். சில வாரங்கள் சென்றன. டேவியின் ஆராய்ச்சிக்கூட உதவியாளர் ஒரு சண்டையின் காரணமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உடனே டேவியின் நினைவுக்கு வந்தவர் அந்தக் குறிப்பு நூலை எழுதிய இளைஞர். 1813 மார்ச்சு முதல் நாள் பாரடே உதவியாளராக அமர்த்தப்பட்டார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியம். மாடியில் இரண்டு அறைகள். எரிக்கக் கரியும் மெழுகுவத்தியும் உண்டு.

இதனை ‘அதிர்ஷ்டம்’ என்று சிலர் கூறலாம். சீட்டுக் கொடுத்த அன்பர் வராதிருந்தால், பழைய உதவியாளர் சண்டையிடாதிருந்தால், பாரடேக்கு அந்த வாயில் திறந்திராது என்பது மெய்யே. தகுதியுடையோர் அனைவருக்கும் தக்க இடம் கிடைத்தே தீரும் என்று உங்களுக்கு நான் உறுதி கூற மாட்டேன். அவ்வாறு கூறுவது உண்மையாகாது. கதவு திறப்பது நம் வசத்தில் இல்லை. திறந்த வேளையில் உள்ளே நுழையத் தகுதியோடு நிற்பது நம் வசத்தில் இருக்கிறது. மேலும், அந்தக் கதவு திறக்கவே இல்லை என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் பாரடே, படித்த, சிந்திக்கத் தெரிந்த, கைத்தேர்ச்சி மிக்க ஒரு பைண்டுக்காரராக இலண்டனில் வாழ்ந்திருப்பார். அவர் உழைப்பில் ஒரு நாளும் வீணாகியிராது. பதவியை மட்டும் நோக்கி ஓடுகிறவன் பதவி கிடைக்காவிட்டால் வெறுங்கையனாகிறான். தன்னை வளர்த்துக் கொண்டவனுக்கோ அந்த வளர்ச்சியேனும் மிஞ்சும்.

வேலை கிடைத்த பின் பாரடே என்ன செய்தார்? நம்மில் பலர் நின்றுவிடும் அந்த இடத்திலும் அவர் நிற்கவில்லை. 1813இன் இறுதியில் டேவியோடு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் புறப்பட்டார். பயணத்தில் ஏவலாளின் வேலைகளையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தியது அவர் மனத்தை வருத்தியது. இருப்பினும், பாரிசில் ஆம்பியரையும் மிலானில் வோல்ட்டாவையும் காணும் பேறு கிடைத்தது. பிரெஞ்சு மொழியையும் இத்தாலிய மொழியையும் கற்றுக் கொண்டார். மன வருத்தத்தையே நினைத்து அவர் அப்பயணத்தை முறித்திருந்தால், அவருக்கு அதைவிடச் சிறந்த பல்கலைக்கழகம் வேறு எங்கே கிடைத்திருக்கும்?

தம் குறைகளை அவர் கையாண்ட முறை நம் மாணவர் கற்க வேண்டிய பாடம். அவருக்கு மூன்று குறைகள் இருந்தன. முதலாவது, எழுத்திலும் பேச்சிலும் தேர்ச்சிக் குறைவு. எழுத்தைத் திருத்திக் கொள்வதற்காகத் தம்மைவிட நன்கு படித்த ஆபட் என்னும் நண்பருக்கு 1812 முதல் நீண்ட கடிதங்கள் எழுதி வந்தார். பேச்சைத் திருத்துவதற்காக நண்பர் சிலர் கூடிப் படித்து, ஒருவர் பிழையை ஒருவர் எடுத்துக் காட்டும் சிறு குழுவில் சேர்ந்தார். பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். தாம் விரிவுரை நிகழ்த்தத் தொடங்கியபோது, மக்ராத் என்னும் நண்பரை அவையில் அமர்த்தி, உச்சரிப்பிலும் நடையிலும் உள்ள பிழைகளைக் குறித்துத் தருமாறு வேண்டிக் கொண்டார். விரைவாகப் பேசும் இயல்பு தமக்கு உண்டு என்று அறிந்து, ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைக் கண்முன் வைக்கச் செய்தார். இவ்வாறு பழகிய அவர்தாம், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கென 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகளில் பத்தொன்பது தொடர்களை நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தி எரிவதை வைத்துக் கொண்டு வேதியியலின் அடிப்படைகளை அவர் விளக்கிய விரிவுரைகள் 1861இல் நூலாக வெளிவந்து, இன்றும் படிக்கப்படுகின்றன.

இரண்டாவது குறை, நினைவாற்றல் போதாமை. இதனைப் பற்றி அவரே பலமுறை வருந்தியிருக்கிறார். வருந்தியதோடு நிற்காமல், எழுத்தை நினைவின் துணையாக்கினார். ஒவ்வொரு நாளும் செய்த சோதனை, வெற்றியாயினும் தோல்வியாயினும், அன்றே ஏட்டில் ஏறியது. 1832 முதல் பத்திகளுக்குத் தொடர்ந்து எண்ணிட்டு வந்தார். கடைசிப் பத்தியின் எண் 16,041. ஒருநாளைக்கு ஒன்றாகச் சேர்த்த செங்கற்கள் கோபுரமாக எழுவதை இந்த எண் நமக்குக் காட்டுகிறது.

மூன்றாவது, உயர்கணிதம் அறியாமை. இது அவரால் கடைசி வரையில் நீக்க முடியாத குறை. அதற்காக ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை. தமக்கு இயல்பாக அமைந்த உருவக் கற்பனையைத் துணைக்கொண்டு, காந்தத்தைச் சுற்றியுள்ள வெளியில் விசைக்கோடுகள் பரவியிருப்பதாகக் கண்டார். இரும்புத் தூளைத் தாளின்மேல் தூவி, அடியில் காந்தத்தை வைத்தால் அந்தக் கோடுகளின் வடிவத்தை நீங்களும் பள்ளியில் கண்டிருப்பீர்கள். பின்னாளில் மாக்ஸ்வெல் என்னும் கணித வல்லுநர் அக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டு மின்காந்தக் கொள்கையைச் சமன்பாடுகளில் அமைத்தார். எல்லாக் குறைகளும் நீங்கினால்தான் உயர முடியும் என்பதில்லை. நீக்கக் கூடியதை நீக்கி, நீக்க முடியாததை வேறொரு வலிமையால் ஈடு செய்யலாம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் தெளிவு.

இப்பழக்கங்களின் விளைவு 1831 ஆகஸ்டு 29ஆம் நாள் தெரிந்தது. மின்சாரம் காந்த விளைவை உண்டாக்குகிறது என்பதை டென்மார்க் அறிஞர் எர்ஸ்டெட் 1820இல் கண்டிருந்தார். அவ்வாறாயின், காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தை உண்டாக்க இயலாதா என்று பாரடே பல ஆண்டுகளாக எண்ணி வந்தார்; இடையிடையே முயன்று தோற்றார்; தோல்விகளையும் எழுதி வைத்தார். அன்று, இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்கலத்தை இணைத்தார். மற்றதை அடுத்திருந்த காந்த ஊசி சட்டென்று அசைந்தது. மீண்டும் பழைய நிலைக்கு வந்து நின்றது. இணைப்பை எடுத்தபோது எதிர்ப்புறமாக அசைந்தது. மின்னோட்டம் ஒரே சீராக ஓடும்போது எதுவும் நிகழவில்லை. தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டுமே அசைவு. கண நேரத்தில் தோன்றி மறைந்த அந்த அசைவைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். கண்டதைக் கண்டபடி குறிக்கப் பழகிய கண்களோ அதனை விடவில்லை. இருபது ஆண்டுப் பழக்கம் அந்த ஒரு கணத்தில் கைகொடுத்தது. சில வாரங்களில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தியே மின்னோட்டத்தை உண்டாக்கினார். நம் நாட்டில் 1932இல் பைக்காராவில் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் முதல் இன்றைய காற்றாலைகள் வரையில், சுழற்சியை மின்சாரமாக மாற்றுவது இந்தத் தத்துவமே.

ஓர் எச்சரிக்கையையும் இவ்விடத்தில் கூற வேண்டும். வளர்ச்சி வேண்டும் என்று உடலை மறந்து உழைப்பது அறிவுடைமையாகாது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரடேயின் உடல்நலம் குன்றி, நினைவும் தளர்ந்தது. சில ஆண்டுகள் ஆராய்ச்சியைப் பெரும்பாலும் நிறுத்தி ஓய்வு கொள்ள நேர்ந்தது. ஓய்வுக்குப் பின், ஐம்பத்து நான்கு வயது நிரம்பும் தறுவாயில், 1845இல் காந்தம் ஒளியின்மேல் விளைவு உண்டாக்குவதைக் கண்டு மீண்டும் உலகை வியக்க வைத்தார். ஓய்வும் வளர்ச்சியின் ஒரு பகுதியே. வயதும் வளர்ச்சிக்கு எல்லையன்று.

பாரடே பேரறிவாளர், நாங்கள் எளியவர்கள், அவர் வழி எங்களுக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கக் கூடும். நீங்கள் அனைவரும் பாரடே ஆவீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அறிவின் அளவு அவருக்கே உரியது. ஆனால், அவர் செய்தவற்றை மீண்டும் எண்ணிப் பாருங்கள்: படித்ததைச் சோதித்தல், கேட்டதை எழுதுதல், குறையைப் பிறர் சொல்லக் கேட்டுத் திருத்துதல், கையில் உள்ள வேலையைத் திருந்தச் செய்தல். இவற்றுள் எதற்குப் பேரறிவு வேண்டும்? எதற்குப் பெரும்பொருள் வேண்டும்? ஒரு குறிப்பேடும், ஒரு மணி நேரமும், உண்மை சொல்லும் ஒரு நண்பனும் எந்த ஊர் மாணவனுக்கும் கிடைக்கக் கூடியவையே.

நாளை நீங்கள் பொறியாளராகலாம், ஆசிரியராகலாம், மருந்துக்கடையிலோ, அச்சகத்திலோ, அலுவலகத்திலோ, வயலிலோ வேலை செய்யலாம். எத்தொழிலாயினும், இன்றைய வேலை நேற்றைய வேலையைவிடச் சிறிதேனும் செம்மையாக இருக்கிறதா என்று நாள்தோறும் உங்களையே வினவுங்கள். பிழையைச் சுட்டிக் காட்டுபவரிடம் சினம் கொள்ளாதீர்கள். அவர் கட்டணம் பெறாத ஆசிரியர். பெருந்திட்டங்கள் பல வகுத்து ஒரு வாரத்தில் விட்டுவிடுவதினும், சிறிய ஒரு பழக்கத்தை மேற்கொண்டு ஓர் ஆண்டு விடாமற் காப்பது மேல்.

பாரடே 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தம்மைத் தேடி வந்தபோது அவர் அதனை ஏற்றுக் கொள்ளவில்லை. ‘சர்’ பட்டத்தையும் விரும்பவில்லை. பதவியால் அவருக்குச் சிறப்பு வர வேண்டிய தேவை இருக்கவில்லை. இளைஞர்களே, உங்கள் தொழிலும் உங்களால் சிறப்புறுமாறு உங்களை வளர்த்துக் கொள்ளுங்கள். அதற்கு உத்தியோக உத்தரவு வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே தொடங்கலாம்.